ஆங்கில டீச்சர் பதில்கள்: வெர்ப் எங்கே இருக்கிறது?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும் இந்தப் பகுதிக்குக் கடிதம் குவியும். பிள்ளைகளை விடப் பெற்றோர்தான் அதிகம் எழுதுவார்கள். இந்த முறையும் அப்படித்தான். வழக்கம்போல ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மட்டும் ஓட்டாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 'தி பஸ் இஸ் ஃபாஸ்ட்' என்ற வாக்கியத்தில் 'ஃபாஸ்ட்' ஓர் அட்வெர்ப் என்று எழுதியிருந்தாள். டீச்சர் தப்பு போட்டுவிட்டார். டியூஷன் நோட்டில் 'ஃபாஸ்ட் – அட்வெர்ப்' என்றுதான் இருக்கிறது. யாரை நம்புவது?
– கோவில்பட்டி வாசகி

பதில்: டீச்சரை நம்புங்கள். மகளைத் திட்டாதீர்கள், அவள் நோட்டில் இருந்ததை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். கோளாறு அந்த நோட்டில். இடது பக்கம் சொல், வலது பக்கம் அதன் வகை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு எந்தக் காலத்திலும் பிடிக்காத வேலை. ஆங்கிலச் சொல்லின் நெற்றியில் அது என்ன வகை என்று எழுதி ஒட்டியிருக்காது. வாக்கியத்துக்குள் வந்து என்ன வேலை பார்க்கிறதோ அதை வைத்துத்தான் பெயர்.

'ஃபாஸ்ட்' என்ற இந்த ஒரு சொல்லையே பாருங்கள். 'எ ஃபாஸ்ட் பஸ்' என்றால் எப்படிப்பட்ட பஸ் என்று சொல்கிறது, அட்ஜெக்டிவ். 'தி பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறது, அட்வெர்ப். 'பாட்டி ஃபாஸ்ட்ஸ் ஆன் ஏகாதசி' என்றால் பாட்டி விரதம் இருக்கிறார், வெர்ப். 'ஷி என்டட் ஹெர் ஃபாஸ்ட் அட் சிக்ஸ்' என்றால் அந்த விரதத்தை ஆறு மணிக்கு முடித்தார், நவுன். நான்கு வாக்கியம், நான்கு வகை. டியூஷன் நோட்டில் எதை எழுதுவது?

உங்கள் மகளின் வாக்கியத்தில் ஓடுவது, போவது என்று எந்த வினையும் இல்லை. 'இஸ்' மட்டும்தான் இருக்கிறது. அது பஸ்ஸையும் வேகத்தையும் சேர்த்துக் கட்டுகிறது, அவ்வளவுதான். வேகம் பஸ்ஸின் குணம் என்று ஆகிவிடுவதால் அது அட்ஜெக்டிவ்.

பெரியவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'தி சாம்பார் ஸ்மெல்ஸ் குட்' என்பதா, 'ஸ்மெல்ஸ் வெல்' என்பதா? 'ஸ்மெல்' வினைதானே, அதனால் அட்வெர்ப் போட வேண்டும் என்று 'வெல்' போடுகிறார்கள். ஸ்மெல்லை எடுத்துவிட்டு அங்கே 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'தி சாம்பார் இஸ் குட்.' அர்த்தம் நிற்கிறது. அப்படி நின்றால் பின்னால் வருவது அட்ஜெக்டிவ். 'அம்மா டேஸ்டட் தி சாம்பார் கேர்ஃபுலி' என்பதில் அதே மாதிரி மாற்றினால் அம்மாவே சாம்பார் ஆகிவிடுவார். அங்கே அம்மா நிஜமாகவே ஒரு வேலை செய்கிறார், அதனால் 'கேர்ஃபுலி' என்ற அட்வெர்ப். லுக், ஃபீல், சவுண்ட் ஆகியவற்றுக்கும் இதே சோதனை செல்லும்.

'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்றும் நோட்டில் எழுதியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் 'லி'யில் முடியும் அட்ஜெக்டிவ்கள். 'ஹார்ட்' என்பதோ 'லி' இல்லாமலே அட்வெர்ப். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எதை எழுதுகிறோம் என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மெயிலில் 'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி சாம்பிள்' என்று எழுதினால் புதிய மேனேஜர் 'அபவுட்'டை அடித்துவிடுகிறார். 'தி டிஸ்கஷன் அபவுட் தி சாம்பிள்' என்று எழுதினால் ஒன்றும் சொல்வதில்லை. இது என்ன நியாயம்?
– திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் மேனேஜர் விஷயம் தெரிந்தவர். 'டிஸ்கஸ்' வெர்ப். தன் செயப்படுபொருளை நேராகவே வாங்கிக்கொள்ளும். 'டிஸ்கஷன்' நவுன். நவுனால் அப்படி நேராக வாங்க முடியாது, நடுவில் 'அபவுட்', 'ஃபார்' போன்ற ஒரு ப்ரிபொசிஷன் கைகொடுக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இது தினமும் வரும். அதுவும் ஒரே எழுத்தில் நவுனாகவும் வெர்ப்பாகவும் இருக்கும் சொற்களில்தான் சிக்கல். 'தி பையர் ஆர்டர்ட் 5,000 பீசஸ்.' இங்கே ஆர்டர் வெர்ப், 'ஃபார்' வேண்டாம். 'வி காட் அன் ஆர்டர் ஃபார் 5,000 பீசஸ்.' இங்கே நவுன், 'ஃபார்' கட்டாயம். 'வி ரிக்வெஸ்ட் மோர் டைம்', ஆனால் 'அவர் ரிக்வெஸ்ட் ஃபார் மோர் டைம்'. 'தே டிமாண்ட் எ டிஸ்கவுன்ட்', ஆனால் 'தெயர் டிமாண்ட் ஃபார் எ டிஸ்கவுன்ட்'. எம்ஃபசைஸ் என்ற வெர்ப்புக்கு 'ஆன்' கிடையாது. எம்ஃபசிஸ் என்ற நவுனுக்கு உண்டு. சொல் எந்த வகை என்று கண்டுபிடிப்பது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு உங்கள் கடிதத்தைக் காட்டலாம்.

நமக்கு ஏன் 'அபவுட்' போடத் தோன்றுகிறது? 'சாம்பிளைப் பற்றிப் பேசினோம்' என்று மனசுக்குள் ஓடுகிறது, அந்தப் 'பற்றி' வெளியே வந்து 'அபவுட்' ஆகிவிடுகிறது. 'சென்னைக்கு வந்து சேர்ந்தோம்' என்பதில் உள்ள 'க்கு'தான் 'ரீச்ட் டு சென்னை' என்ற வாக்கியத்துக்குள் புகுந்துகொள்கிறது. ரீச், என்டர், அப்ரோச், லேக், ரிசெம்பிள் எல்லாம் டிஸ்கஸ் மாதிரியே நேராக வாங்கிக்கொள்பவை. ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தம் செய்துகொள்வதைச் சொல்லும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' சரியானதே. உற்சாகத்தில் அதையும் அடித்துவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசியில் 'ரிவர்ட் பேக்' என்று எழுதியிருந்தீர்கள். 'ரிப்ளை' போதுமே.

கேள்வி: ரயில்வேயில் பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரனுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் எனக்கே ஒரு சந்தேகம். தமிழில் சொற்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் புரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் வரிசை மாறக்கூடாது?
– அரக்கோணம் வாசகர்

பதில்: ஐயா, உங்களுக்கு உங்கள் ஆபீசை வைத்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு மூட்டையிலும் அனுப்புநர், பெறுநர் லேபிள் ஒட்டியிருந்தால் எந்த மூலையில் அடுக்கினாலும் கவலையில்லை. லேபிளே இல்லாவிட்டால், இந்த அலமாரி சேலம், அந்த அலமாரி ஈரோடு என்று இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்ச்சொல் தன் லேபிளைத் தானே சுமக்கிறது. 'ராமன் ராவணனைக் கொன்றான்', 'ராவணனை ராமன் கொன்றான்', 'கொன்றான் ராவணனை ராமன்'. கம்பர் காலமாக இருந்தாலும் சரி, கட்சி மேடையாக இருந்தாலும் சரி, செத்தவன் ராவணன்தான். அந்த 'ஐ' உருபு காட்டிக் கொடுத்துவிடும். 'ராமா கில்ட் ராவணா' என்பதைத் திருப்பி 'ராவணா கில்ட் ராமா' என்று சொல்லிப் பாருங்கள். ராமாயணமே கவிழ்ந்துவிட்டது.

ஆங்கிலமும் ஆதியில் இப்படி இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தன. உதிர உதிர, இடம் கெட்டிப்பட்டது. வெர்ப்புக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள் என்று ஆயிற்று. பழைய மிச்சம் பெரும்பாலும் ப்ரோநவுன்களில்தான் இன்னும் இருக்கிறது: ஹி, ஹிம், ஐ, மீ, தே, தெம். பேரன் 'மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்' என்று எழுதினால், வெர்ப்புக்கு முன்னால் எழுவாய் உட்கார வேண்டிய இடத்தில் 'மீ' உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். 'மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ' என்று அவனே திருத்திவிடுவான்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். தமிழில் 'வந்தேன்' என்பது முழு வாக்கியம். யார் வந்தது என்பது விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் சொன்னால், யார் என்று எதிரே இருப்பவர் கேட்பார். அதனால் கட்டளை வாக்கியம் தவிர மற்ற ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் இடத்தைக் காலியாக விட முடியாது. சொல்வதற்கு ஆளே இல்லாவிட்டாலும் ஒரு டம்மியைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் அந்த 'இட்' யார்? ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகள் 'இஸ் ரெய்னிங்', 'இஸ் வெரி ஹாட் டுடே' என்றெல்லாம் எழுதுவது இந்த இடத்தில்தான். இரண்டுக்கும் முன்னால் 'இட்' கேட்கும்.

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன். 'ஐ ஆம் கம் ஃப்ரம் உசிலம்பட்டி' என்று சொன்னேன், தோழிகள் சிரிக்கிறார்கள். 'ஐ' வந்தால் 'ஆம்' வரும் என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: சிரித்த தோழிகளிடம், ஏன் தப்பு என்று கேட்டுப் பாரம்மா. பாதிப் பேர் முழிப்பார்கள்.

'ஐ'யும் 'ஆமு'ம் புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 'ஆம்' என்பதே ஒரு வெர்ப். அதற்கு இரண்டு வேலை. 'ஐ ஆம் எ நர்ஸ்' என்பதில் அதுதான் முதன்மை வெர்ப், வேறு வெர்ப் கிடையாது. இன்னொரு வேலை, துணை வெர்ப். அப்போது பக்கத்தில் 'இங்' வைத்த சொல்லோ, மூன்றாம் வடிவமோதான் நிற்கலாம். 'ஐ ஆம் வெய்ட்டிங்', 'ஐ ஆம் இன்வைட்டட்'. 'கம்' என்ற வெறும் வடிவம் 'ஆம்' பக்கத்தில் நிற்காது. 'ஐ ஆம் அக்ரி' தப்பாவதும் இதனால்தான். 'ஐ அக்ரி', முடிந்தது.

இன்டர்வியூவில் 'ஐ ஆம் ஃப்ரம் உசிலம்பட்டி' என்று சொல். 'ஐ கம் ஃப்ரம் உசிலம்பட்டி' என்றாலும் சரி. 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் உசிலம்பட்டி' என்று சொன்னால், இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

துணை வெர்ப் வந்துவிட்டது என்றால் காலத்தைச் சுமப்பது அதன் பொறுப்பு. 'டிட் யூ வென்ட்' என்று இரண்டு பேர் தலையிலும் இறந்தகாலத்தை ஏற்றக் கூடாது. 'டிட்' சுமந்துவிட்டது, அதனால் 'டிட் யூ கோ'. ஷி, ஹி வந்தால் சேரும் அந்த 'எஸ்' கூட அப்படித்தான் நகரும். 'ஷி வொர்க்ஸ்' என்பதில் கடைசியில் இருக்கும் 'எஸ்', கேள்வி ஆனதும் 'டஸ் ஷி வொர்க்' என்று 'டஸ்' பக்கம் தாவிவிடுகிறது. வொர்க் வெறுங்கையோடு நிற்கும். 'டஸ் ஷி வொர்க்ஸ்' என்று யாராவது சொன்னால் இனி உனக்கே காதில் உறுத்தும்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல்லிவிடாதே. 'எனக்கு ரெண்டு அண்ணன்' என்று நாம் சொல்லும்போது வினையே கிடையாது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு வினையைத் தேடிப் பிடிக்கிறோம், கையில் கிடைத்த 'ஹேவ்'வோடு 'இங்'கையும் சேர்த்துவிடுகிறோம். ஒருவருக்கு ஒன்று உண்டு என்று சொல்லும் 'ஹேவ்'வுக்கு 'இங்' ஒத்துக்கொள்ளாது. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.' சாப்பிடுவது, குடிப்பது என்ற அர்த்தத்தில் வரும் 'ஐ ஆம் ஹேவிங் காஃபி' சரி.

பெயரைச் சொல்லும்போது 'மைசெல்ஃப்' என்று ஆரம்பிக்க வேண்டாம், அது எழுவாய் இடத்தில் தனியாக உட்காராது. 'ஐ ஆம்' என்று சொல்லிப் பெயரைச் சொல்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். சென்டன்ஸ் பேட்டர்னில் 'ஐஓ, டிஓ' எப்போது போடுவது, 'ஓ, சி' எப்போது போடுவது என்று குழம்புகிறது. 'ஏ' என்றால் என்ன என்பதும் சுமாராகத்தான் தெரியும்.
– தஞ்சாவூர் மாணவர்

பதில்: முதலில் வெர்ப்பைப் பிடி தம்பி. வாக்கியத்தின் முன்னால் 'யெஸ்டர்டே' என்று சேர்த்துச் சொல்லிப் பார். எந்தச் சொல் வடிவம் மாறுகிறதோ அதுதான் வெர்ப். புட், கட், ஹிட் மாதிரி மாறாத சில இருக்கின்றன. அவற்றுக்கு எழுவாயை 'ஷி' ஆக்கு, 'எஸ்' எங்கே ஒட்டுகிறது என்று பார். வெர்ப் கிடைத்துவிட்டால் அதற்கு முன்னால் இருப்பது 'எஸ்', அதாவது சப்ஜெக்ட். குழப்பமெல்லாம் வெர்ப்புக்குப் பின்னால்தான்.

'தே கேவ் ஹிம் எ ஷால்.' அவரும் சால்வையும் ஒன்றா? இல்லை. அவர் வேறு, சால்வை வேறு. இரண்டு பொருள் இருப்பதால் 'ஹிம்' ஐஓ (இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்), 'எ ஷால்' டிஓ (டைரக்ட் ஆப்ஜெக்ட்). 'தே கேவ் எ ஷால் டு ஹிம்' என்று திருப்பிப் போடவும் முடிகிறது. 'தே எலெக்டட் ஹிம் லீடர்.' அவரும் தலைவரும் ஒன்றா? ஆமாம், ஒரே ஆள். அதனால் 'ஹிம்' ஓ (ஆப்ஜெக்ட்), 'லீடர்' சி (காம்ப்ளிமென்ட்). இதை 'டு' போட்டுத் திருப்ப முடியாது.

ஆங்கிலேயர்களின் பழைய ஜோக் ஒன்று முழுக்க முழுக்க இந்த வேறுபாட்டில் நிற்கிறது. ஓட்டல் வாசலில் ஒருவர் காவலாளியிடம் 'கால் மீ எ டாக்சி' என்கிறார். காவலாளி விறைப்பாக நின்று 'யூ ஆர் எ டாக்சி, சார்' என்கிறார். கேட்டவர் மனசில் ஐஓ, டிஓ. காவலாளி எடுத்துக்கொண்டது ஓ, சி. சொற்கள் அதேதான். பேட்டர்ன் மாறியதால் மனுஷர் வாடகை வண்டி ஆகிவிட்டார்.

ஓ-வையும் சி-யையும் பிரிக்கப் பாசிவ் வாய்ஸும் உதவும். 'ஹி மெட் எ டாக்டர்' என்பதை 'எ டாக்டர் வாஸ் மெட்' என்று மாற்றலாம், அதனால் ஓ. 'ஹி பிகேம் எ டாக்டர்' என்பதை அப்படி மாற்றினால் வாக்கியம் உடைந்துவிடும், அதனால் சி.

'ஏ' (அட்ஜங்க்ட்) என்பது எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்பதற்கான பதில். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்று கைடு புத்தகங்களில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் எப்போதும் இல்லை. 'ஷி லிவ்ஸ் இன் தஞ்சாவூர்' என்பதில் 'இன் தஞ்சாவூர்' என்பதை எடுத்துவிட்டால் 'அவள் உயிரோடு இருக்கிறாள்' என்று அர்த்தம் மாறிவிடும். 'ஷி புட் தி கீ ஆன் தி டேபிள்' என்பதில் எடுத்தால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். இதனால்தான் ஆங்கில மொழியியல் அறிஞர் ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய மூன்று சகாக்களும் 1972-ல் வெளியிட்ட இலக்கண நூலில் அடிப்படை வாக்கிய வகைகள் ஏழு என்று வைத்தார்கள். இந்த இரண்டு வகைகளுக்கும் அதில் தனி இடம் உண்டு. உன் தேர்வுக்கு முதலாவதை எஸ்விஏ என்றும் இரண்டாவதை எஸ்விஓஏ என்றும் எழுது, மார்க் வந்துவிடும்.

கேள்வி: நான் படித்த காலத்தில் 'மை' என்பது பொசசிவ் அட்ஜெக்டிவ். மகள் புத்தகத்தில் 'டிடெர்மினர்' என்கிறார்கள். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டு என்று படித்தேன், இப்போது ஒன்பதாம். இலக்கணம் கூட விலைவாசி மாதிரி ஏறுமா?
– சேலம் வாசகர்

பதில்: ஏறும், இறங்கும், ஆள் மாறும். எட்டு என்ற கணக்கு ஆங்கிலேயர் போட்டதே இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் தயோனிசியஸ் த்ராக்ஸ் என்பவர் கிரேக்க மொழிக்கு எட்டு வகை சொன்னார். அதில் 'தி' போன்ற ஆர்ட்டிகிளுக்குத் தனி இடம் உண்டு. லத்தீனுக்கு ஆர்ட்டிகிளே கிடையாது. அதற்காக எட்டை விட்டுவிட மனசு வரவில்லை போலும், 'ஐயோ', 'ஆகா' போன்ற இன்டர்ஜெக்ஷனைத் தனி வகையாக்கி எட்டைக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் அட்ஜெக்டிவ் நவுனுக்குள்ளேயே அடக்கம். ஆங்கில இலக்கணக்காரர்கள் பின்னால் அதைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். 1795-ல் லிண்ட்லி மரே எழுதிய, உலகமெங்கும் விற்ற இலக்கண நூலில் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது. உங்கள் காலத்துப் பள்ளிப் புத்தகங்களில் ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவுக்குள் தள்ளி எட்டு.

'டிடெர்மினர்' என்று பிரித்ததில் நியாயம் இருக்கிறது. 'பிக்', 'ரெட்' போன்ற அசல் அட்ஜெக்டிவ்களை அடுக்கிக்கொண்டே போகலாம்: 'எ பிக் ரெட் பஸ்'. 'தி மை பஸ்' என்று சொல்ல முடியுமா? 'எ', 'தி', 'மை', 'திஸ்' எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுபவை, ஒன்று உட்கார்ந்தால் மற்றது உட்காராது. அட்ஜெக்டிவ் அப்படி நடந்துகொள்வதில்லை. இதனால் புதிய பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. மகள் தேர்வில் அவள் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும், உங்கள் பழைய நோட்டைப் பரணில் வையுங்கள்.

கேள்வி: தமிழில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கே. அட்ஜெக்டிவ் என்றால் உரிச்சொல் என்று சொல்லிக்கொடுக்கலாமா?
– யாழ்ப்பாணத்து ஆசிரியர்

பதில்: பல அகராதிகளில் அப்படித்தான் இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் வரும் உரிச்சொல் வேறு சங்கதி. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்கள். இவை பெயரையும் தழுவும், வினையையும் தழுவும். ஆங்கில அட்ஜெக்டிவ் வினை பக்கம் போகாது. நாம் தினமும் பேசும் 'நல்ல பையன்' என்பதில் உள்ள 'நல்ல' நம் இலக்கணத்தில் உரிச்சொல் இல்லை, குறிப்புப் பெயரெச்சம். அதாவது வினைக் குடும்பத்தில் சேர்ந்தது. அட்ஜெக்டிவை 'பெயரடை' என்றும் அட்வெர்பை 'வினையடை' என்றும் சொல்லிக்கொடுங்கள். என்ன வேலை செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. உரிச்சொல்லைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டுக்கும் கடைசியில் 'சி' வருமா, 'எஸ்' வருமா? வாடிக்கையாளர் இரண்டு விதமாகவும் எழுதித் தருகிறார்கள்.
– சிவகாசி வாசகர்

பதில்: பிரிட்டிஷ் முறையில் நவுனுக்கு 'சி', வெர்ப்புக்கு 'எஸ்'. டிரைவிங் ஸ்கூல் போர்டில் வரும் லைசென்ஸ் நவுன், அதனால் 'சி'. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 'சி'தான். அமெரிக்கர்கள் லைசென்ஸுக்கு எப்போதும் 'எஸ்', பிராக்டிஸுக்கு எப்போதும் 'சி' என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டிலும் ஒத்துப்போவது 'அட்வைஸ்'. நவுனுக்கு 'சி', வெர்ப்புக்கு 'எஸ்', உச்சரிப்பும் மாறும். மறக்காமல் இருக்க ஒரு வழி: அட்வைஸ், பிராக்டிஸ் இரண்டையும் 'சி' போட்டு எழுதினால் கடைசியில் 'ஐஸ்' என்ற சொல் ஒளிந்திருக்கும். ஐஸ் ஒரு பொருள், அதனால் நவுன்.

கேள்வி: 'ரெக்கார்ட்', 'ரிகார்ட்' இரண்டில் எது சரியான உச்சரிப்பு?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: இரண்டும். நவுன் என்றால் அழுத்தம் முதல் அசையில், ரெக்கார்ட். வெர்ப் என்றால் அழுத்தம் இரண்டாவதில், ரிகார்ட். பிரெசன்ட், ப்ரிசென்ட் கூட அப்படியே. பெர்மிட், ஆப்ஜெக்ட், இம்போர்ட் ஆகியவற்றிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு.

கேள்வி: 'கோ டு ஸ்கூல்' உண்டு, 'கோ டு ஹோம்' ஏன் இல்லை?
– திண்டுக்கல் மாணவி

பதில்: அந்த இடத்தில் 'ஹோம்' அட்வெர்ப். ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் ஆகியவையும் அதே கோஷ்டி. 'டு' தன் பின்னால் ஒரு நவுனைத்தான் தேடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் 'தி ஓல்ட் மேன் தி போட்' என்று எழுதிக் காட்டி, இது முழு வாக்கியம் என்கிறான். வெர்ப்பே இல்லையே என்கிறேன் நான். வீட்டில் இரண்டு நாளாக வாக்குவாதம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– குளச்சல் வாசகி

பதில்: வழக்கில் மகன் ஜெயித்துவிட்டான். 'ஓல்ட்' என்றதும் அட்ஜெக்டிவ் என்றும், 'மேன்' என்றதும் மனிதன் என்றும் நினைத்துவிட்டீர்கள். மற்ற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள், அதற்காகவே கட்டிய வாக்கியம் அது. 'தி ரிச்', 'தி புவர்' என்பது போல 'தி ஓல்ட்' என்றால் வயதானவர்கள், இங்கே நவுனின் வேலையைப் பார்க்கிறது. 'மேன்'தான் வெர்ப். படகையோ கப்பலையோ ஆட்கள் இருந்து இயக்குவது என்று அர்த்தம். படகை வயதானவர்கள் இயக்குகிறார்கள். வயதானவர்கள் பன்மை என்பதால் 'மேன்' பின்னால் 'எஸ்' வரவில்லை. தஞ்சாவூர் மாணவருக்குச் சொன்னபடி 'யெஸ்டர்டே' சேர்த்துப் பாருங்கள்: 'தி ஓல்ட் மேன்ட் தி போட் யெஸ்டர்டே.' மாறிய சொல் எது என்று தெரிகிறதா? குளச்சலில் இருந்துகொண்டு படகு வாக்கியத்தில் தோற்றுவிட்டீர்களே!